போட்ட யூரியா போன இடம் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

மண், நீர், காற்று, பாறை என்று ஊர் சுற்றும் தனிமங்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் வயலிலிருந்துதான். அதனால் பதில்களும் வயலில்தான் அதிக நேரம் நிற்கின்றன.

கே: ஏக்கருக்கு மூன்று மூட்டை யூரியா போடுகிறேன். பயிர் எடுத்தது போக மீதி எங்கே போகிறது? நைட்ரஜனால் பூமி சூடாகிறது என்கிறார்கள். காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தானே, அப்படியானால் எப்போதோ வெந்து போயிருக்க வேண்டாமா?
– விவசாயி, மன்னார்குடி

ப: முதலில் இரண்டாவது கேள்வி. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அது இரண்டிரண்டு அணுக்களாக இறுகப் பிணைந்து கிடக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் மட்டும் கொண்ட மூலக்கூறு பூமியிலிருந்து கிளம்பும் வெப்பத்தைப் பிடிப்பதில்லை. பயிருக்கும் அது உதவாது. அந்தப் பிணைப்பை உடைக்க மின்னல் வேண்டும், அல்லது பயறு வகை வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா வேண்டும், அல்லது தொழிற்சாலை வேண்டும். ஃபிரிட்ஸ் ஹாபர் 1909இல் சோதனைச் சாலையில் செய்து காட்டியதை, 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவ் ஆலை பெரிய அளவில் செய்யத் தொடங்கியது. உங்கள் மூட்டையின் பூர்வீகம் அதுதான். உடைத்த பிறகு அந்த நைட்ரஜன் எடுக்கும் வடிவங்களில்தான் வம்பு.

இனி கணக்கு. 45 கிலோ மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது 20.7 கிலோ. மூன்று மூட்டைக்கு 62 கிலோ. நெல் இதில் எடுப்பது பொதுவாக 30 முதல் 40 சதவீதம். 25 கிலோவைத் தாண்டினால் நல்ல பராமரிப்பு என்று சொல்லலாம். கொஞ்சம் மண்ணில் தங்கும். மணற்பாங்கான நிலத்தில் கொஞ்சம் நீரோடு கீழே இறங்கும். மீதி காற்றோடு போவது இரண்டு வழிகளில்.

முதல் வழி அம்மோனியா. யூரியா தண்ணீரில் விழுந்த இரண்டு மூன்று நாளில் அம்மோனியமாக மாறிவிடும். நட்டுப் பத்துப் பதினைந்து நாள் ஆன வயலைக் கவனியுங்கள்: நிழல் விழவில்லை, தண்ணீரில் பாசி பச்சைப் பசேலென்று கிடக்கும். வெயில் ஏற ஏற அந்தப் பாசி தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது. நண்பகலில் தண்ணீரின் கார அமில நிலை (pH) 9ஐத் தாண்டும். அந்த நிலையில் அம்மோனியம் வாயுவாகிப் பறக்கிறது. காற்று வீசினால் இன்னும் வேகமாக. தேங்கிய தண்ணீரில் யூரியாவை வீசுவதுதான் நஷ்டத்துக்கு நேர்வழி. நேரம் மிச்சம் என்று பலரும் அதைத்தான் செய்கிறார்கள்.

இரண்டாவது வழி மண்ணுக்குள். வயலில் இறங்கிச் சேற்றைக் கத்தியால் கீறியெடுத்தது போல் ஒரு துண்டு எடுத்துப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டருக்கு மட்டும் செம்பழுப்பு. அதற்குக் கீழே நீலச் சாம்பல் நிறம். மேல் ஏட்டில் ஆக்சிஜன் இருக்கிறது, கீழே இல்லை. அம்மோனியம் மேல் ஏட்டில் நைட்ரேட்டாகிறது. நைட்ரேட் கீழே கசிந்ததும், ஆக்சிஜன் கிடைக்காத பாக்டீரியாக்கள் அதைக் கொண்டே சுவாசித்துப் பழையபடி காற்று நைட்ரஜனாக்கி விடுகின்றன. முழுதாக மாறிவிட்டால் உங்கள் காசு போச்சு, பூமிக்குப் பாதகமில்லை. பாதியில் நின்றுவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு. நூறு ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல் 273 மடங்கு சூடாக்கும், ஓசோனையும் அரிக்கும். நிலம் முழுக்க முழுகியும் இல்லாமல், முழுக்கக் காய்ந்தும் இல்லாமல் இருக்கும் இரண்டுங்கெட்டான் ஈரத்தில்தான் இது அதிகம் வெளியேறும்.

ஐ.நா.வின் பருவநிலை அறிஞர் குழு தரும் பொதுக் கணக்கின்படி, இடையிடையே காயவிட்டு நீர் கட்டும் நெல் வயலில் போட்ட நைட்ரஜனில் 0.5 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது. உங்கள் 62 கிலோவுக்கு ஏறத்தாழ அரை கிலோ வாயு. அரை கிலோதானே என்று தோன்றும். 273ஆல் பெருக்கினால் 133 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். சுமார் 58 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்கு ஈடு. இது போக, யூரியாவுக்குள்ளேயே கார்பன் இருக்கிறது. மூன்று மூட்டை கரையும்போது 99 கிலோ கார்பன் டை ஆக்சைடு தனியாக வெளியே வரும்.

செய்ய வேண்டியது: அடியுரமாக மொத்தத்தையும் கொட்டாமல் மூன்று நான்கு தடவையாகப் பிரியுங்கள். தண்ணீரை வடித்து, மண் சேறாக இருக்கும் பதத்தில் யூரியாவைத் தூவி, அதன்பிறகு தண்ணீர் கட்டுங்கள். உரம் நீரோடு மண்ணுக்குள் இறங்கும். எவ்வளவு, எப்போது என்பதற்கு, பச்சை நிறத்தின் அடர்த்தியை எண்ணிட்ட பட்டைகளாகக் காட்டும் இலை வண்ண அட்டை போதும். நட்ட 14 நாளிலிருந்து வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், பத்துச் செடிகளில் முழுதாக விரிந்த மேல் இலையை உங்கள் உடம்பு நிழலில் வைத்து ஒப்பிடுங்கள். பத்தில் ஆறு இலை 4ஆம் எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம். வெள்ளைப் பொன்னிக்கு எண் 3. வெயிலில் பார்த்தால் இலை வெளிறித் தெரியும், தேவையில்லாமல் ஒரு தடவை கூடுதலாகப் போடுவீர்கள். வேறு வேறு ஆள் பார்த்தாலும் கணக்கு மாறும். ஒரே ஆள் பார்க்கட்டும்.

வேம்பு பூசிய யூரியாதான் 2015 முதல் நாடு முழுக்க வருகிறது. அம்மோனியம் நைட்ரேட்டாவதை வேம்பு தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அம்மோனியாவாகப் பறப்பதை அது தடுக்காது. ‘வேம்பு யூரியா, ஒரே தடவையில் போடலாம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கே: காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேன் குறையும் என்கிறார்கள். நைட்ரஸ் ஆக்சைடு கூடும் என்றும் சொல்கிறார்கள். எதைத்தான் செய்வது? குழாய் வைக்கும் முறையையும் சொல்லுங்கள்.
– வேளாண் பட்டதாரி, திருத்துறைப்பூண்டி

ப: இரண்டுமே உண்மை. ஆனால் இரண்டும் சம எடை இல்லை.

நீர் கட்டியதும் மண்ணிலிருக்கும் ஆக்சிஜன் ஓரிரு நாளில் தீரும். பிறகு நுண்ணுயிர்கள் சுவாசிக்க ஆக்சிஜனுக்குப் பதிலாக வரிசையாக ஒவ்வொன்றாகப் பிடிக்கும்: நைட்ரேட், மாங்கனீஸ், இரும்பு, சல்ஃபேட். எல்லாம் தீர்ந்த பிறகே மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் முறை வருகிறது. நடவு முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து மீத்தேன் ஏறுவது இதனால்தான். அது குமிழியாக வருவது குறைவு. பெரும்பங்கு நெல் தண்டு வழியாகவே வெளியேறுகிறது. வேருக்குக் காற்று இறக்க நெற்பயிர் வைத்திருக்கும் உள்குழல், மீத்தேனுக்குப் புகைபோக்கி ஆகிவிடுகிறது.

நிலத்தைக் காயவிட்டால் காற்று உள்ளே புகுந்து இரும்பை மறுபடி துருவாக்கும். வேர் ஓரத்தில் செந்நிறப் புள்ளிகள் தெரிவது அதுதான். மறுபடி நீர் கட்டும்போது அந்தத் துருவைத் தின்று தீர்த்த பிறகே மீத்தேன் வர முடியும். ஒரு காய்ச்சலின் பலன் நீர் கட்டிய பிறகும் பல நாள் நீடிப்பதன் ரகசியம் இதுவே. பலமுறை காயவிடும் வயலில் மீத்தேன் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடும். ஆனாலும் கூட்டிக் கழித்தால் பெரும்பாலான வயல்களில் லாபமே. கெடுப்பது ஒன்றுதான்: யூரியா போட்ட கையோடு காயவிடுவது. அப்போது நைட்ரேட் குவிந்து, அடுத்த பாய்ச்சலில் அப்படியே வாயுவாகும். காய்ந்திருக்கும்போது உரம், உடனே பாய்ச்சல் என்று வரிசையை வைத்துக்கொண்டால் போதும்.

குழாய்: 30 செ.மீ. நீளமுள்ள பி.வி.சி. குழாய், குறுக்களவு 10 முதல் 15 செ.மீ. கீழ்ப்பாதி 15 செ.மீ.யில் மட்டும் சுற்றிலும் அரை செ.மீ. துளைகள், 2 செ.மீ. இடைவெளியில். துளையிட்ட பகுதியில் நைலான் வலை சுற்றாவிட்டால் இரண்டே நாளில் சேறு அடைத்துக்கொள்ளும். வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில், மேடும் இல்லாத பள்ளமும் இல்லாத இடத்தில், 15 செ.மீ. மண்ணுக்குள் இறங்கும்படி அடித்து உள்ளே இருக்கும் சேற்றைக் கையால் அள்ளிவிடுங்கள். நீர் கட்டியிருக்கும்போது குழாய்க்குள்ளும் வெளியிலும் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் துளை அடைத்திருக்கிறது. பிடுங்கிக் கழுவி மறுபடி வையுங்கள்.

நட்ட முதல் இரண்டு வாரம் தண்ணீர் நிற்கட்டும். இல்லையேல் களை முந்திக்கொள்ளும். அதன்பிறகு குழாய்க்குள் நீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே போனதும் 5 செ.மீ. உயரத்துக்குக் கட்டுங்கள். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து பூத்து ஒரு வாரம் வரை காயவிடவே கூடாது, பதர் விழும்.

தவறுவது எங்கே என்றால், நிலம் சமமாக இல்லாத இடத்தில். மேட்டில் குழாய் வைத்தால் பள்ளம் காயாமலே கிடக்கும். பள்ளத்தில் வைத்தால் மேட்டுப் பயிர் வாடும். கனத்த களிமண்ணில் விரல் நுழையும் வெடிப்பு விடும் வரை விட்டால், அடுத்துக் கட்டும் தண்ணீர் வெடிப்பு வழியே இறங்கிப் போய், மிச்சப்படுத்தியது எல்லாம் பாழ். உங்கள் பக்கம் கடலோர உவர் நிலமாக இருந்தால் இந்த முறையே வேண்டாம். காயக் காய உப்பு மேலேறும். ஆற்று நீர் முறை வைத்துக் கிடைக்கும் கடைமடைக்காரர், குழாய் காட்டும் நாளில் வாய்க்காலில் தண்ணீர் இருக்காவிட்டால் என்ன செய்வார்? ஆழ்துளைக் கிணறு உள்ளவர்களுக்கு இது சுலபம். மற்றவர்களிடம் ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்பதற்கு முன் முறைப்பாசன அட்டவணையைப் பார்ப்பது நியாயம்.

கே: அறுவடை இயந்திரம் விட்டுப்போன தாளைக் கொளுத்தினால் சாம்பல் உரமாகிறதே?
– வாசகர், பேராவூரணி

ப: சாம்பல் சத்து (பொட்டாசியம்) பெரும்பாலும் தங்கும், அதுவும் எரிந்த திட்டுகளில் மட்டும். ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. அது அநேகமாக முழுவதும் புகையோடு போய்விடும். தாள் எரிந்து வரும் கார்பன் டை ஆக்சைடு பெரிய குற்றமில்லை. போன பருவத்தில் காற்றிலிருந்து எடுத்தது, அடுத்த பருவத்தில் திரும்ப எடுக்கப்போவது. கூடவே வரும் மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, கரிப்புகை ஆகியவைதான் கூடுதல் பாவம். மடக்கி உழுவதானால் நடவுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே, நிலம் காய்ந்திருக்கும்போது உழுங்கள். நடவுக்கு முந்தின வாரம் சேற்றில் மிதித்தால் அந்தத் தாள் மீத்தேனுக்குத் தீனி, இளம்பயிரும் மஞ்சளாகும்.

கே: எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக் கல்லில் நத்தை, சிப்பி உருவங்கள் கிடைக்கின்றன. இதற்கும் பருவநிலைக்கும் தொடர்பு உண்டு என்று ஆசிரியர் சொன்னார். எப்படி?
– பிளஸ் டூ மாணவி, அரியலூர்

ப: உங்கள் கையில் இருப்பது டைனோசர் காலத்துக் காற்று, கல்லாக. கிரெட்டேசியஸ் காலத்தில், அது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது, அரியலூர்ப் பக்கம் கடல் இருந்தது. மழைநீர் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக விழும். பாறைகளைக் கரைக்கும், கால்சியமும் பைகார்பனேட்டும் ஆற்றோடு கடலுக்குப் போகும். கடல் உயிர்கள் இரண்டையும் சேர்த்து ஓடு கட்டும். செத்து அடியில் படியும். இப்படித்தான் கார்பன் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பூட்டி வைக்கப்படுகிறது. பூமித் தட்டுகள் அதை உள்ளே இழுத்துச் சூடாக்கி, எரிமலை வழியாகத் திருப்பித் தருவது ஒரு வழி. எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் விடுவது, மனிதர் விடுவதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னொரு வழி உங்கள் ஊரிலேயே இருக்கிறது: சிமென்ட் ஆலை. சுமார் 900 டிகிரியில் சுண்ணாம்புக் கல் உடைந்து சுண்ணாம்பும் கார்பன் டை ஆக்சைடும் ஆகிறது. கல் சுத்தமானதாக இருந்தால் 1,000 கிலோவுக்கு 440 கிலோ வாயு. சிமென்ட் ஆலைப் புகையில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லிலிருந்து வருகிறது. ஆலைக்கு முழுக்கச் சூரிய மின்சாரம் கொடுத்தாலும் இந்தப் பங்கு குறையாது. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுக் கிடைக்கும் கட்டியான கிளிங்கரின் அளவைக் குறைத்து, அனல் மின்நிலையச் சாம்பலும் உருக்காலைக் கசடும் கலப்பது அதனால்தான்.

வீட்டிலேயே பார்க்கலாம். கல்லில் கொஞ்சம் பொடித்து, எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். நுரைக்கும். கோடிக்கணக்கான ஆண்டு அடைந்து கிடந்த கார்பன் அது. கட்டியாக இருந்தால் சரியாகத் தெரியாது, பொடி செய்ய வேண்டும். நல்ல உருவம் பதிந்த கல்லை இதற்குப் பலிகொடுக்காதீர்கள்.

பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சாந்து இதையே தலைகீழாகச் செய்கிறது: காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துத்தான் இறுகுகிறது. கான்கிரீட்டும் மெதுவாக எடுக்கிறது. ஆனால் அங்கே அது நல்லதல்ல. காரத்தன்மை இறங்கி உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்.

கே: காற்றில் கூடியிருக்கும் கார்பன் நிலக்கரி, பெட்ரோலிலிருந்து வந்ததுதான் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? கடலிலிருந்து வந்திருக்கலாமே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

ப: அடையாள அட்டை இருக்கிறது. கார்பன்-14 என்னும் கதிரியக்க வகை 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகத் தேயும். கோடிக்கணக்கான ஆண்டு புதைந்திருந்த நிலக்கரியில் அது துளியும் மிஞ்சாது. காற்றில் கார்பன்-14இன் விகிதம் நீர்த்துப்போய் வந்ததை 1950களிலேயே ஹான்ஸ் சூயஸ் கண்டார். செடிகள் கொஞ்சம் கனமான வகையான கார்பன்-13ஐச் சற்று ஒதுக்கும். செடியிலிருந்து உண்டான நிலக்கரியிலும் அது குறைவு. காற்றிலும் அது குறைந்துவருகிறது. மூன்றாவதாக, எரிந்தால் ஆக்சிஜன் செலவாகும். காற்றில் ஆக்சிஜன் மிக நுண்ணிய அளவில் குறைவதையும் அளக்கிறார்கள். கடலிலிருந்து வெளியேறியிருந்தால் கடலின் அமிலத்தன்மை குறைய வேண்டும். கூடிக்கொண்டிருக்கிறது.

அளவைச் சொன்னால், ஹவாயின் மௌனா லோவாவில் 1958இல் சார்லஸ் டேவிட் கீலிங் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. எரிபொருளிலிருந்து மட்டும் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் விடுகிறோம். அது முழுக்கக் காற்றில் தங்கினால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 4.7 பங்கு ஏற வேண்டும். ஏறுவது இரண்டரைக்குப் பக்கம். மீதியைக் கடலும் காடும் மண்ணும் வாங்கிக்கொள்கின்றன. கடல் சும்மா வாங்கவில்லை. மேலே சொன்ன சிப்பிகளுக்கு ஓடு கட்டுவது அதனால் கடினமாகிறது.

கே: பாஸ்பரஸுக்கு வாயு வடிவம் இல்லை என்று படித்தேன். பிறகு அது எப்படிச் சுழலும்?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ப: தூசியாக. ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் போடேலே என்று ஒரு பள்ளம், வற்றிப்போன ஏரிப்படுகை. அங்கிருந்தும் சஹாராவின் பிற பகுதிகளிலிருந்தும் கிளம்பும் தூசி அட்லாண்டிக்கைக் கடக்கிறது. செயற்கைக்கோள் அளவீட்டை வைத்து 2015இல் வெளியான கணக்கின்படி, ஆண்டுக்குச் சராசரியாக 2.77 கோடி டன் தூசி அமேசான் படுகையில் விழுகிறது; அதில் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ். மழை அடித்துக்கொண்டு போவதும் ஏறக்குறைய அவ்வளவே. அமேசான் எவ்வளவு கார்பனைப் பிடிக்கும் என்பதில் ஒரு பாலைவனத்துக்கும் கை இருக்கிறது. மற்றபடி பாறையிலிருந்து கடலுக்கு ஒருவழிப் பயணம்தான். கடலடி உயர்ந்து மறுபடி பாறையாக வெளிவரக் கோடி ஆண்டுகள் ஆகும். பாஸ்பரஸ் உரமான டி.ஏ.பி. மூட்டைக்காக வெட்டியெடுக்கும் பாறை இருப்பில் பெரும்பங்கு மொராக்கோ, மேற்கு சஹாரா பக்கம் இருக்கிறது.

கே: கப்பல் எண்ணெயில் கந்தகத்தைக் குறைத்ததால் உலகம் சூடாகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. பொய்தானே?
– துறைமுக ஊழியர், தூத்துக்குடி

ப: பாதி மெய். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்ச அளவு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. கந்தகப் புகை காற்றில் சல்ஃபேட் துகளாகி வெயிலைத் திருப்பி அனுப்பும். கடல்மேல் மேகத்தையும் வெளுப்பாக்கும். அந்தத் திரை விலகியதும் அடியில் ஏற்கெனவே இருந்த சூடு கொஞ்சம் வெளியே தெரிகிறது. சூடாக்கியது கார்பன், கந்தகம் அதை மூடி மறைத்திருந்தது. பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை 1991 ஜூனில் வெடித்தபோது ஒன்றரைக் கோடி டன்னுக்குக் குறையாத கந்தக டை ஆக்சைடு வளிமண்டலத்தின் மேலடுக்குக்குப் போய், அடுத்த ஆண்டு உலகச் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி இறங்கியது. அங்கே அது ஓரிரு ஆண்டு தங்கும். கப்பல் புகை கீழடுக்கில் இருப்பதால் சுமார் ஒரு வாரத்தில் மழையோடு இறங்கிவிடும். திரை வேண்டுமென்றால் தினமும் புகைவிட வேண்டும். அந்தப் புகையைத் துறைமுக ஊர்க்காரர்கள்தான் மூச்சில் வாங்க வேண்டும்.

கே: மாடித்தோட்டத் தொட்டிகளில் மரத்தூள் கலந்தேன். மூன்றே வாரத்தில் கத்தரிச் செடியின் அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன. மரத்தூளில் விஷமா?
– இல்லத்தரசி, கோயம்புத்தூர்

ப: விஷமில்லை, பசி. மரத்தூளில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குப் பல நூறு பங்கு கார்பன். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 25 முதல் 30 பங்குக்கு ஒன்று வேண்டும். குறைவதை உங்கள் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்கின்றன. செடி அடி இலையிலிருந்து நைட்ரஜனை உருவி மேலே அனுப்புவதால் அங்கே முதலில் மஞ்சளாகிறது. முடிந்த மட்டும் தூளைச் சுரண்டி மேலே கொண்டுவந்து மூடாக்காக விடுங்கள்; மண்ணோடு கலக்காத வரை கெடுதல் குறைவு. கோமியத்தில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, வாரம் ஒருமுறை தொட்டிக்கு அரை லிட்டர் ஊற்றுங்கள். மஞ்சளான இலை திரும்பாது. புதுத் துளிர் பச்சையாக வந்தால் நிறுத்திவிடலாம். அடுத்த தடவை அந்தத் தூளைச் சாணத்தோடும் காய்கறிக் கழிவோடும் சேர்த்துத் தனியே மக்கவைத்துவிட்டுப் போடுங்கள்.